பந்தயச் சப்பாத்தும் நாட்பயிற்சியும்

எத்தியோப்பிய வீரர் அபேபே பிக்கிலா 1960ஆம் ஆண்டு றோம் ஒலிம்பிக் மரதன் ஓட்டத்தை வெறுங்காலுடன் ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 செக்கனில் வென்றார். 1964இல் தோக்கியோவில் சப்பாத்தணிந்து ஓடியபோது 2 மணி 12 நிமிடம் 11 செக்கனே சென்றது. இவ்விரு வெற்றிகளைக் கொண்டு சப்பாத்தின் பயனை அளத்தல் பொருந்தாது. ஆயினும் காலிற் சுமக்கும் பாரம் பொருட்படுத்தற்பாலதே. சப்பாத்து ஒவ்வொன்றும் 100 கிராம் கூடின், ஓடுவோன் செலவிடும் ஒட்சிசன் ஏறத்தாழ நூற்றுக்கொரு பங்கு கூடும் என்பது ஆய்விற் கண்ட முடிபு.

அங்ஙனமாயின் இலகுவான பந்தயச் சப்பாத்தையே நாடோறும் அணிந்து பயின்றால் என்ன? பழைய வகைப் பந்தயச் சப்பாத்தின் அடிப்பாகம் மெல்லியது, குதிப்புறம் தாழ்ந்தது. குதி தாழவே, கெண்டைக்கால் தசையும் அதனைக் குதியென்போடு பிணைக்கும் நாணும் அடிதோறும் மிகுதியாக இழுபடுகின்றன. தசை சில வாரங்களில் வலுப்பெறும். நாணும் என்பும் வலுப்பெற மாதங்கள் செல்லும். மூச்சு வாங்காமையாற் கால்களும் ஆயத்தமாகிவிட்டன என்று ஓடுவோன் எண்ணுவதே இடரின் தொடக்கம்.

இக்காலச் சப்பாத்து வேறு வகையது. தடித்த நுரையடி கொண்டது. 2023இல் பேர்லினில் எத்தியோப்பிய வீராங்கனை திகிஸ்ட் அசெஃபா 2 மணி 11 நிமிடம் 53 செக்கனில், அஃதாவது பிக்கிலாவின் தோக்கியோ நேரத்தினும் 18 செக்கன் முன்னதாக, ஓடி முடித்தார். அன்று அவர் அணிந்த அடிடாஸ் சப்பாத்தின் ஒற்றை 138 கிராமே. சோடியின் விலையோ 500 டொலர். ஒரு மரதனுக்கும் அதற்கு முன் சிறிது பழகுதற்குமே அது உரியதெனச் செய்தோரே கூறினர்!

ஆதலின் பந்தயச் சப்பாத்தைப் பயிற்சியில் அணிய விரும்புவோன், வாரத்தில் ஒரு நாள், விரைவோட்டத்தின்போது மட்டும், குறுந்தூரத்துக்கு அணிந்து தொடங்கலாம். மறுநாட் காலையிற் குதிநாண் விறைத்து நோகுமாயின், அது தணியும்வரை தடித்த சப்பாத்துக்கே மீளல் வேண்டும்.