கதவு மூடியாச்சு, விமானம் ஏன் நகரலை? ஏர்போர்ட் திரைகளுக்குப் பின்னால் நடப்பது என்ன?

சீட்டில் உட்கார்ந்தாச்சு. பெல்ட் போட்டாச்சு. கதவையும் மூடிவிட்டார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால், விமானத்தைப் பின்னுக்குத் தள்ளும் வண்டிகூட வந்து நிற்கிறது. ஆனால், விமானம் மட்டும் நகரவில்லை. பத்து நிமிடம் ஆகிறது, இருபது நிமிடம் ஆகிறது. ‘ஏர் டிராஃபிக் அனுமதிக்காகக் காத்திருக்கிறோம்’ என்று கேப்டன் ஒரு வரி சொல்லிவிட்டு அமைதியாகிவிடுகிறார். பக்கத்து சீட்காரர் நம்மைத் திரும்பிப் பார்த்து, “அப்புறம் எதுக்குங்க அவ்வளவு அவசரமா ஏத்துனாங்க?” என்கிறார்.

நியாயமான கேள்விதான். பதில் காக்பிட்டில் இல்லை. டெர்மினலுக்குள் பயணிகள் கண்ணில் படாத ஓர் அறையில் இருக்கிறது. ‘ஏஓசிசி’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஏர்போர்ட் ஆபரேஷன்ஸ் கன்ட்ரோல் சென்டர். சுவர் முழுக்கத் திரைகள். எந்த விமானம் எந்த ஸ்டாண்டில் நிற்கிறது, எது இன்னும் 12 நிமிடத்தில் இறங்கும், எந்த செக்யூரிட்டி வரிசை நீள்கிறது, எந்த பெல்ட்டில் பெட்டி வந்துகொண்டிருக்கிறது என்று எல்லாமே நொடிக்கு நொடி அதில் ஓடும். டெல்லி, மும்பை, பெங்களூரு, ஹைதராபாத், சென்னை போன்ற பெரிய நிலையங்கள் இப்போது இந்த மாதிரி அறைகளை நம்பித்தான் ஓடுகின்றன.

திரையைப் பார்த்தால் பிரமிப்பாக இருக்கும். விஷயம் திரையில் இல்லை. அதில் நேரத்தைப் போடும் மனிதர்கள் உண்மையைப் போடுகிறார்களா என்பதில்தான் இருக்கிறது.

ஒரு முகூர்த்தம், பத்து கான்ட்ராக்டர்

உள்நாட்டில் ஓடும் ஏ320 ரக விமானம் வந்து நின்று, மறுபடி கிளம்ப அரை மணி முதல் முக்கால் மணி நேரம்தான் கிடைக்கும். அதற்குள் பயணிகள் இறங்க வேண்டும். பெட்டிகள் இறங்க வேண்டும். உள்ளே சுத்தம் செய்ய வேண்டும். சாப்பாடு ஏற வேண்டும், எரிபொருள் நிரப்ப வேண்டும், புதிய பெட்டிகள், புதிய பயணிகள் என்று வரிசையாக வேலை காத்திருக்கும்.

இதில் விசேஷம் என்னவென்றால், இவ்வளவு வேலையையும் செய்பவர்கள் ஒரே நிறுவனத்தின் ஆட்கள் கிடையாது. எரிபொருளுக்கு எண்ணெய் நிறுவனம், பெட்டிக்கு கிரவுண்ட் ஹேண்ட்லிங் நிறுவனம், சாப்பாட்டுக்கு கேட்டரிங், ஏரோபிரிட்ஜுக்கு ஏர்போர்ட், சோதனைக்கு சிஐஎஸ்எஃப், ரன்வே அனுமதிக்கு ஏர்போர்ட்ஸ் அதாரிட்டியின் கன்ட்ரோல் டவர். நம்ம ஊர் கல்யாண வீடு மாதிரிதான். சமையல், மேளம், பந்தல், போட்டோ, புரோகிதர் என்று ஆளாளுக்குத் தனி கான்ட்ராக்ட். முகூர்த்த நேரம் மட்டும் ஒன்று.

முன்பெல்லாம் இவர்களை இணைத்தது வாக்கி டாக்கியும் போனும்தான். பெட்டி ஏற்றுவதில் 15 நிமிடம் தாமதம் என்பது ரேம்ப்பில் நிற்கும் சூப்பர்வைசருக்குத் தெரியும். ஏர்லைன் ஆபீஸுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத் தெரியும். டவரில் இருப்பவருக்கு, விமானி கூப்பிட்டுச் சொல்லும்போதுதான் தெரியும். அதற்குள் அந்த விமானத்துக்காக ஒதுக்கி வைத்த ரன்வே நேரம் வீணாகியிருக்கும்.

இப்படி ஆளுக்கொரு தகவல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு லண்டன் ஹீத்ரோவே சாட்சி. 2010 டிசம்பர் 18-ல் கொட்டிய பனியில் அந்த நிலையம் முடங்கியது. நிலைமை சீராகப் பல நாட்கள் ஆயின. ஆயிரக்கணக்கானோர் டெர்மினல் தரையிலேயே படுத்துத் தூங்கினார்கள். அதை விசாரித்த டேவிட் பெக் குழு 2011-ல் தந்த அறிக்கை, பனியோடு சேர்த்துத் தகவல் குழப்பத்தையும் குற்றம் சொன்னது. எப்போது திறக்கும் என்பதில் பயணிகளுக்கு முன்னுக்குப் பின் முரணான செய்திகள் போயிருந்தன. எல்லாத் தரப்பையும் ஒரே அறையில் உட்கார வைக்கும் மையத்தை ஹீத்ரோ அமைத்தது அதற்குப் பிறகுதான்.

‘இதோ கிளம்பிட்டேன் மச்சான்’

ஒரே திரையை எல்லோரும் பார்க்க வேண்டும் என்ற யோசனைக்கு விமானத் துறை வைத்த பெயர் ‘ஏ-சிடிஎம்’. கூடி முடிவெடுப்பது என்று புரிந்துகொள்ளலாம். ஐரோப்பாவில் இதை முழுமையாக முதலில் கொண்டுவந்தது ஜெர்மனியின் மியூனிக், 2007-ல். பிறகு மற்ற நாடுகளுக்கும் பரவியது. மும்பை, டெல்லி, சென்னை என இங்கேயும் வந்துவிட்டது.

இதில் ஒரு விமானத்தின் பயணத்தை 16 மைல்கற்களாகப் பிரிக்கிறார்கள். முந்தைய ஊரில் கிளம்பியது, இங்கே இறங்கியது, ஸ்டாண்டில் நின்றது, போர்டிங் தொடங்கியது என்று ஒவ்வொன்றுக்கும் நேரம் பதிவாகும். ஆனால், உயிர்நாடி இரண்டே இரண்டு நேரங்கள்தான்.

ஒன்று, ‘நாங்கள் இத்தனை மணிக்குக் கதவு மூடித் தயாராக இருப்போம்’ என்று ஏர்லைன் தரப்பு சொல்லும் நேரம். டிஓபிடி என்பார்கள். நாம் ‘தயார் நேரம்’ என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று, அதை வைத்து, ரன்வே வரிசையைக் கணக்குப் போட்டு, ‘நீங்கள் இத்தனை மணிக்கு இன்ஜினை ஸ்டார்ட் செய்யலாம்’ என்று சிஸ்டம் திருப்பித் தரும் நேரம். இது டிஎஸ்ஏடி.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் நீங்கள் கதவு மூடிய விமானத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஏர்லைன் தயார் என்று சொல்லிவிட்டது. ஆனால், உங்கள் முறை வரவில்லை. தயாராகாமல் இருந்தால் முறையே போய்விடும் என்பதால்தான் அவ்வளவு அவசரமாக ஏற்றினார்கள்.

‘அப்படியே ரன்வே பக்கம் போய் க்யூவில் நிற்கலாமே?’ என்று தோன்றும். பழைய முறை அதுதான். முந்திக்கொண்டவருக்கு முதலிடம். காலை 7 மணிக்கு 15 விமானங்கள் ஒன்றாகப் பின்னுக்கு நகர்ந்து, இன்ஜின் ஓட ஓட வரிசையில் நிற்கும். இரண்டு இன்ஜினும் ஓடும் ஒரு ஏ320, தரையில் ஊர்வதற்கே நிமிடத்துக்கு 10 முதல் 12 கிலோ எரிபொருளைக் குடிக்கும். அதே 20 நிமிடத்தை ஸ்டாண்டிலேயே கழித்தால் அந்தச் செலவின் பெரும்பகுதி மிச்சம். ஐரோப்பாவின் யூரோகன்ட்ரோல் 17 விமான நிலையங்களை ஆராய்ந்து 2016-ல் வெளியிட்ட கணக்குப்படி, இந்த முறையால் ஒவ்வொரு புறப்பாட்டிலும் தரையில் ஊரும் நேரம் கால் நிமிடத்திலிருந்து 3 நிமிடம் வரை குறைந்தது. கேட்க அற்பமாக இருக்கும். கூட்டிப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 34,000 டன் எரிபொருள்.

ஆனால், கணக்கு முழுவதும் நிற்பது அந்தத் தயார் நேரத்தின் மேல்தான். இங்கேதான் சிக்கல். நண்பர் போன் பண்ணி ‘எங்கடா இருக்க?’ என்று கேட்கும்போது, குளியலறைக்குப் போகும் வழியில் ‘இதோ கிளம்பிட்டேன் மச்சான், அஞ்சு நிமிஷம்’ என்று சொல்வோம் இல்லையா? ஏர்லைன்களும் அதையேதான் செய்யும் ஆசைக்கு ஆளாகின்றன. இன்னும் எட்டுப் பயணிகள் வரவில்லை, பெட்டி ஏறி முடியவில்லை என்று தெரியும். ஆனாலும், நேரத்தை மாற்றினால் வரிசையில் பின்னால் போய்விடுவோமே என்ற பயத்தில் பழைய நேரத்தையே விட்டு வைப்பார்கள். கடைசி நிமிடத்தில் ‘தயாரில்லை’ என்பார்கள். அந்த இடத்தில் புறப்பட்டிருக்க வேண்டிய இன்னொரு விமானம், உண்மையைச் சொன்ன தோஷத்துக்காகப் பின்னால் நிற்கும்.

அதனால்தான் சொன்ன நேரத்துக்கு முன்னும் பின்னும் ஐந்து நிமிடம் என்பது போன்ற கறாரான விதிகள் வந்தன. தவறினால் புது நேரம் வாங்கி மறுபடி வரிசைக்கு வர வேண்டும்.

எதை அளக்கிறோமோ, அதுதான் நடக்கும்

இதில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. ‘ஆன் டைம்’ கணக்கை உலகம் முழுக்க வழக்கமாக எப்படிப் போடுகிறார்கள்? குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் விமானம் ஸ்டாண்டை விட்டு நகர்ந்துவிட்டால் போதும். அது வானத்தில் ஏறிய நேரம் கணக்கில் இல்லை. அதாவது, சீக்கிரம் நகர்ந்து ரன்வே ஓரத்தில் அரை மணி நேரம் நின்றாலும் ரிப்போர்ட் கார்டில் பாஸ். எரிபொருளை மிச்சம் பிடிக்க ஸ்டாண்டிலேயே காத்திருந்தால் ஃபெயில் ஆக வாய்ப்பு. திரை ஒன்று சொல்கிறது, மதிப்பெண் வேறொன்று சொல்கிறது. இந்தியாவில் டிஜிசிஏ மாதாமாதம் ஏர்லைன்களின் நேரம் தவறாமைப் பட்டியலை வெளியிடுகிறது, விளம்பரத்திலும் அது வருகிறது. எந்த மேனேஜர் எதை முதலில் பார்ப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

சென்னை-பெங்களூரு விமானம் வானத்தில் இருப்பது முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. டிக்கெட்டில் ஒரு மணி நேரத்துக்கும் மேலே போட்டிருக்கும். ஊர்வதற்கும் காத்திருப்பதற்கும் சேர்த்து ஏர்லைன் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளும் சாவகாசம் அது. ‘20 நிமிடம் முன்னதாகவே தரையிறங்கினோம்’ என்ற பெருமையான அறிவிப்பின் ரகசியமும் அதுவே.

ரேம்ப்பில் வேலை செய்பவர்களுக்கு இந்தத் திரை வேறு மாதிரித் தெரியும். ஒவ்வொரு தாமதத்துக்கும் இரண்டு இலக்கக் குறியீடு ஒன்று உண்டு. 32 என்றால் பெட்டி ஏற்றி இறக்கியதில் தாமதம், 35 என்றால் சுத்தம் செய்ததில், 36 என்றால் எரிபொருளில், 93 என்றால் முந்தைய விமானமே லேட். முன்பு இந்த எண்ணை யார் தலையில் கட்டுவது என்பதில் தினமும் சண்டை நடக்கும். குரல் உயர்ந்தவர் தப்பிப்பார், கான்ட்ராக்ட் தொழிலாளி மாட்டுவார். இப்போது ஸ்டாண்டைப் பார்த்தபடி இருக்கும் கேமராவும் மென்பொருளும், எரிபொருள் வண்டி வந்தது இத்தனை மணி, பெட்டிக் கதவு திறந்தது இத்தனை மணி என்று தானாகவே குறித்துக்கொள்ளும் வசதி பல நாடுகளில் வந்துவிட்டது. பழி தப்பான ஆளிடம் போகாமலிருக்க இது உதவும். அதேசமயம், மின்னல் எச்சரிக்கை வந்து ரேம்ப் வேலையை நிறுத்தச் சொன்னாலும் கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அந்த இடைவெளியைக் கழித்துக் கணக்குப் போடும் மனசு மேலே இருப்பவருக்கு இருக்க வேண்டும்.

தெரிந்தும் நின்ற வரிசை

கருவி இருந்தும் கதை கந்தலாகலாம் என்பதற்கு டெல்லியின் 2022 டிசம்பர் நல்ல உதாரணம். டெர்மினல் 3-ல் செக்யூரிட்டி வரிசை வாசல் வரை நீண்டது. சோஷியல் மீடியா முழுக்கப் புகைப்படங்கள். டிசம்பர் 12-ல் அன்றைய விமானப் போக்குவரத்து அமைச்சர் ஜோதிராதித்ய சிந்தியாவே திடீரென்று போய்ப் பார்த்தார். இத்தனைக்கும், கூரையில் சென்சார் பொருத்தி வரிசையில் எத்தனை தலைகள், எவ்வளவு நேரம் ஆகும் என்று எண்ணும் வசதியை அந்த டெர்மினல் கோவிட் காலத்திலேயே அறிமுகம் செய்திருந்தது. வரிசை நீள்வது தெரியாமல் இல்லை. சோதனை இயந்திரங்களும் ஆட்களும் போதவில்லை, காலை நேரத்தில் விமானங்கள் குவிந்திருந்தன. கூடுதல் எக்ஸ்ரே இயந்திரங்கள் வந்து, பீக் நேர விமானங்களைப் பிரித்துப் போட்ட பிறகுதான் மூச்சு விட முடிந்தது.

மும்பையின் கதை இன்னும் நேரடியானது. அங்கே இரண்டு ரன்வேயும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. அதனால், ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்த முடியும். இறங்க வந்த விமானங்கள் 40 முதல் 60 நிமிடம் வரை வானத்தில் வட்டமடிப்பதாகவும், அதற்குள் ஒவ்வொன்றும் 1.7 முதல் 2.5 கிலோலிட்டர் எரிபொருளை எரிப்பதாகவும் 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சகமே கணக்குச் சொன்னது. மருந்து மென்பொருள் இல்லை. நெரிசல் நேரத்தில் மணிக்கு 46 ஆக இருந்த விமானப் போக்குவரத்தை 44 ஆகக் குறைத்தார்கள். தனியார் ஜெட்களுக்கும் அந்த நேரத்தில் கட்டுப்பாடு வந்தது. 44 விமானத்துக்கு மேல் தாங்காத இடத்தில் 46-ஐ அனுமதித்துவிட்டு, எத்தனை திரை மாட்டினாலும் அது நெரிசலைத் துல்லியமாகக் காட்டுமே தவிர, தீர்க்காது.

திரையே அணைந்தால்? 2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்டிரைக் மென்பொருள் கோளாறில் நம் நாட்டில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தது ஞாபகம் இருக்கும். 2025 நவம்பரில் டெல்லியில் விமானத் திட்டங்களை டவருக்குக் கொண்டுசேர்க்கும் தகவல் அமைப்பு பழுதானது. ஊழியர்கள் அவற்றைக் கையால் கையாண்டார்கள். 800-க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின. அன்று காப்பாற்றியது பேப்பரில் வேலை செய்யத் தெரிந்த ஆட்கள்தான். அந்தப் பயிற்சியை, சிஸ்டம் வந்துவிட்டதே என்று குறைத்துவிடக் கூடாது என்பது என் கருத்து.

சரி, பயணிக்கு இதில் என்ன?

ஏஓசிசி திரை நமக்குக் கிடைக்காது. ஆனால், அதன் ஒரு துண்டு போனிலேயே இருக்கிறது. உங்கள் விமானத்தின் நேரத்தைப் பார்ப்பதைவிட, அந்த விமானம் இப்போது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஃபிளைட்ரேடார்24 போன்ற ஆப்களில், உங்களுக்காக வரவேண்டிய விமானம் எது, எங்கிருந்து வருகிறது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். மாலை 6.40-க்கு சென்னையிலிருந்து கோவை. போர்டில் ‘ஆன் டைம்’. மணி ஆறு. டெல்லியிலிருந்து வரவேண்டிய உங்கள் விமானம் நாக்பூருக்கு மேலே பறந்துகொண்டிருக்கிறது. அங்கிருந்து சென்னை வரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பிறகு ஆள் இறங்கி, ஆள் ஏற அரை மணி.

கேட் வாசலில் போய் நின்று கால் கடுக்க வேண்டாம். ஒரு டீ தாராளமாகக் குடிக்கலாம்.