கூடத்தில் ஒரு கலிங்கு

வீட்டில் கடல் மீன் வளர்ப்பவர்களுக்கு மீனைவிடத் தண்ணீர்தான் அதிகத் தொல்லை தருகிறது. பெரும்பாலும் மின்சாரம் போகும்போது. சில சமயம் அது திரும்பி வரும்போது.

மின்சாரம் போனால் எல்லா வீட்டிலும் மின்விசிறி நிற்கும். கடல் மீன் தொட்டி இருக்கும் வீட்டில் கூடவே ஒரு சத்தமும் கேட்கும்: மேல் தொட்டியிலிருந்து தண்ணீர் கீழே இறங்கும் சத்தம். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அதற்குள் நின்றுவிட்டால் சரி. நிற்காவிட்டால் அலமாரிக் கதவின் அடியிலிருந்து தண்ணீர் மெல்லக் கசிந்து கூடத்துக்கு வரும். நல்ல தண்ணீர் என்றால் துடைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். இது லிட்டருக்கு 35 கிராம் உப்புக் கரைந்த தண்ணீர். 20 லிட்டர் கொட்டினால் 700 கிராம் உப்பு. தண்ணீர் காய்ந்த பிறகும் அது ப்ளைவுட்டின் விளிம்பிலும் டைல்ஸ் இடுக்கிலும் அலமாரிக்குள் இருக்கும் பிளக் பலகையிலும் தங்கிவிடும்.

2012 ஜூலை 31 அன்று வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மின் தொகுப்புகள் சேர்ந்து சரிந்தபோது 60 கோடிப் பேர் வாழும் பகுதிகள் இருண்டன. அப்படிப்பட்ட நீண்ட மின்வெட்டு மீன்களுக்கு ஆபத்து, ஏனென்றால் பம்ப் நின்றால் தண்ணீரில் பிராணவாயு குறைந்துகொண்டே போகும். ஆனால் தரைக்கு அந்த மாபெரும் மின்வெட்டும், தெரு முனை டிரான்ஸ்ஃபார்மரில் ஃப்யூஸ் போகும் ஐந்து நிமிடமும் ஒன்றுதான். கொட்ட வேண்டியது முதல் சில நிமிடங்களிலேயே கொட்டிவிடும்.

கடல் மீன் தொட்டி என்பது பெரும்பாலும் இரண்டு தொட்டிகள். மேலே, பார்வைக்கு இருப்பது ஒன்று. கீழே அலமாரிக்குள் ஒளிந்திருப்பது இன்னொன்று. இதற்கு சம்ப் என்று பெயர். (தண்ணீர் லாரிக்காகக் காத்திருக்கும் நகரவாசிகளுக்கு இந்தச் சொல் வேறு ஒன்றை நினைவூட்டும்.) கழிவைப் பிரிக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர், ஹீட்டர், வடிகட்டிகள் எல்லாம் கீழே. கீழிருந்து மேலே தண்ணீரை ஏற்ற ஒரு பம்ப். மேலிருந்து கீழே வருவது தானாக, நிரம்பி வழிந்து வருகிறது.

அந்த வழிவுதான் இங்கே விஷயம். ஏரியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் புதிதாக எதையும் விளக்க வேண்டியதில்லை. ஏரிக்குக் கலிங்கு எப்படியோ அப்படித்தான் தொட்டிக்கு இந்த வழிவுப் பெட்டி. தண்ணீர் ஒரு மட்டத்தைத் தாண்டினால் கலிங்கில் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். கலிங்கின் மேல் வரிசையாகக் கல் நட்டிருப்பது போல இதிலும் சீப்பு மாதிரிப் பற்கள் உண்டு. மீன் அடித்துக்கொண்டு போகாமல் இருக்க. வித்தியாசம் ஒன்றுதான். இங்கே கீழ் ஏரியின் தண்ணீர் மறுபடி மேல் ஏரிக்கே ஏறுகிறது. அதனால் கலிங்கு அடைத்துக்கொண்டால் கரை உடைய மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பம்ப் அந்த வேலையை அரை மணிக்குள் முடித்துவிடும்.

கோளாறு என்று வந்ததும் பலர் குழாய் இணைப்புகளைத் தடவிப் பார்க்கிறார்கள். எம்-சீல் வாங்கி வருகிறார்கள். இது வீண். கசிவு என்பது சொட்டுச் சொட்டாக வருவது. வாளிக்கணக்கில் வருவது ஏறக்குறைய எப்போதும் கணக்குப் பிசகு.

நாலடித் தொட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 120 செ.மீ., அகலம் 45 செ.மீ. இதில் தண்ணீர் மட்டம் 1 செ.மீ. இறங்கினால் 5.4 லிட்டர். கீழே 90க்கு 35 செ.மீ. அளவில், 40 செ.மீ. உயர சம்ப். அதில் 22 செ.மீ. வரை தண்ணீர் நிற்கிறது என்றால் மிச்ச இடம் சுமார் 57 லிட்டர். மின்சாரம் போகிறது. கலிங்கு மட்டத்துக்கு வந்ததும் வழிவு நின்றுவிடும். ஆனால் பம்ப் தண்ணீரை மேலே கொண்டுபோகும் குழாய் நிற்காது. அதன் வாய் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கிறது. ஆகவே அது சைஃபனாக மாறி, வந்த வழியே தண்ணீரைத் திருப்பி இழுக்கும். வாய்க்குக் காற்று கிடைக்கும்வரை இழுக்கும். வாய் 10 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 54 லிட்டர் கீழே வரும். குழாய்களில் நிற்கும் 5 லிட்டரையும் சேர்த்தால் 59. இடம் இருப்பதோ 57க்கு. அதே வாயை 3 செ.மீ. ஆழத்துக்கு உயர்த்தினால் மொத்தம் 21 லிட்டரோடு கதை முடிந்தது. எந்தச் சாமானும் வாங்காமல், ஒரு எல்போவைத் திருப்பி வைத்து முடியும் காரியம்.

கடைகளில் இதற்கு நான்-ரிட்டர்ன் வால்வு போடச் சொல்வார்கள். போடலாம், நம்பக் கூடாது. நல்ல தண்ணீரில் ஆண்டுக்கணக்கில் உழைக்கும் அந்த வால்வின் மூடியில் கடல் தண்ணீரில் சுண்ணாம்புப் படிவும் ஓட்டுப் புழுக்களும் சில மாதங்களிலேயே குடியேறும். ஒரு மணல் அளவு இடைவெளி போதும், அது மூடாது. அதைவிட, குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை போடுவது மேல். மட்டம் இறங்கியதும் துளை வழியாகக் காற்று புகுந்து சைஃபனை அறுத்துவிடும். துளையிலும் பாசி அடைக்கும்தான். ஆனால் அது கண்ணுக்குத் தெரியும், பழைய டூத் பிரஷ்ஷால் மாதம் ஒரு தரம் தேய்த்தால் போதும். வால்வின் உள்ளே என்ன நடக்கிறது என்பது தரை நனைந்த பிறகுதான் தெரியும்.

மின்சாரம் திரும்பி வருவது இதைவிட மோசமான நேரம். தொட்டியில் துளை போட விரும்பாதவர்கள் விளிம்பில் மாட்டும் பெட்டி ஒன்றை வாங்குகிறார்கள். உள்ளே ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி, இரண்டையும் இணைக்கும் கவிழ்த்த ‘யு’ குழாய். அந்தக் குழாய் நிறையத் தண்ணீர் இருக்கும்வரை அது அருமையான சாதனம். தண்ணீரோடு வரும் சிறு காற்றுக் குமிழிகள் வளைவின் உச்சியில் ஒவ்வொன்றாகச் சேரும். போதுமான அளவு சேர்ந்ததும் சைஃபன் அறுந்துவிடும். மேல் தொட்டியிலிருந்து ஒரு சொட்டு இறங்காது. பம்புக்கு அது தெரியாது, ஏற்றிக்கொண்டே இருக்கும்.

இதில் பலர் தலைகீழாக யோசிக்கிறார்கள். ஒரு ‘யு’ குழாய்க்குப் பதில் இரண்டு போட்டால் பாதுகாப்பு இரட்டிப்பு என்று. நடப்பது வேறு. அதே தண்ணீர் இரண்டு குழாய்களில் பிரிந்தால் வேகம் பாதியாகும்; குமிழிகளை அடித்துக்கொண்டு போகும் வலு ஓட்டத்துக்கு இருக்காது. இரண்டிலும் காற்று சேரும். பம்பின் ஓட்டத்துக்குச் சரியான அளவில் ஒரே குழாய், அதில் தண்ணீர் விரைந்து ஓடுவதுதான் நல்லது. உச்சியிலிருந்து காற்றை உறிஞ்ச ஒரு குட்டி பம்ப் மாட்டுவதும் உண்டு. அதன் மெல்லிய குழாயும் அடைக்கும் என்பதால் கவலை இடம் மாறுகிறது, தீரவில்லை.

என் கருத்தில், புதிதாகத் தொடங்குபவர் இந்தப் பெட்டியை வாங்கவே வேண்டாம். நம் ஊர்களில் தொட்டிகளைச் சாதாரணக் கண்ணாடியில் சிலிக்கான் வைத்து ஒட்டித்தான் பெரும்பாலும் செய்கிறார்கள். ஒட்டுவதற்கு முன்பே துளை போட்டுத் தரச் சொன்னால் போட்டுத் தருவார்கள். டஃபன்ட் கண்ணாடி என்றால் மட்டும் துரப்பணத்தை அருகில் கொண்டுபோகக் கூடாது, பொலபொலவென்று உதிர்ந்துவிடும்.

ஏற்கெனவே பெட்டி மாட்டியவர்கள் என்ன செய்வது? இதற்கும் கணக்குத்தான். அதே நாலடித் தொட்டியில் ஓடும் மட்டத்துக்கும் விளிம்புக்கும் இடையே 3 செ.மீ. இருந்தால் 16 லிட்டர் கொள்ளும். சம்பில் பம்ப் இருக்கும் அறையில், பம்பின் வாய்க்கு மேலே நிற்கும் தண்ணீர் 16 லிட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும். அப்போது வழிவு முழுதாக அடைத்தாலும் பம்ப் காற்றைக் கடித்துக் கத்தும். பம்ப் கெட்டுப் போகலாம், போகட்டும்.

சத்தம் இன்னொரு புகார். துளை போட்ட தொட்டியில் கக்கூஸ் ஃப்ளஷ் மாதிரி சில நிமிடங்களுக்கு ஒரு முறை ‘கடகட’ என்று இழுத்து, நின்று, மறுபடி இழுக்கும். வசுதேவர் கிண்ணத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் சூட்சுமம் தெரியும். பித்தளைக் கிண்ணத்தின் நடுவே குழந்தைக் கண்ணனைச் சுமந்து நிற்கும் வசுதேவர். தண்ணீர் ஊற்ற ஊற்ற ஏறும். கண்ணனின் காலைத் தொட்டதும் முழுக்க வடிந்துவிடும். பொம்மைக்குள் ஒளிந்திருக்கும் சைஃபன் செய்யும் வேலை அது. தொட்டியின் வடிகுழாயிலும் அதேதான். காற்று போதாமல் போனால் மட்டம் ஏறுகிறது, சைஃபன் பிடிக்கிறது, வடிகிறது, காற்று புகுந்து அறுகிறது, மறுபடி ஏறுகிறது.

அமெரிக்கரான ரிச்சர்ட் டர்சோவின் பெயரால் வழங்கும் குழாய் அமைப்பு இதற்கு மலிவான பதில்: நிற்கும் குழாயின் தலையில் ஒரு டீ, பக்கவாட்டில் கீழ்நோக்கிய எல்போ, மேலே எண்ட் கேப், அதில் காற்றுக்கு ஒரு சிறு துளை. எல்லாம் பிளம்பிங் கடையில் கிடைப்பவை. துளை சிறிதென்றால் ஃப்ளஷ் சத்தம். பெரிதென்றால் அருவிச் சத்தம். கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். ஒரு அங்குலக் குழாயில் மணிக்கு 2,000 லிட்டர் அளவுக்கு மேல் இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

படுக்கையறையில் தொட்டி வைத்தவர்கள் இரண்டு குழாய் முறைக்குப் போகிறார்கள். ஒன்று முழுக்கத் தண்ணீர் நிறைந்து ஓடும், சத்தமே இல்லை. அதன் ஓட்டத்தைக் கேட் வால்வால் அளந்து வைக்கிறார்கள். (பால் வால்வு ஒரு மயிரிழை திருப்பினால் எங்கோ போய் நிற்கும்.) மற்றது சற்று உயரமாக, சும்மா நிற்கும் அவசரக் குழாய். அதில் எந்த வால்வும் இருக்கக் கூடாது. பம்ப் ஓடத் தொடங்கிச் சில நிமிடமாகியும் சைஃபன் பிடிக்கவில்லையா? சம்பில் குழாயின் முனை ஆழமாக மூழ்கியிருக்கும். உள்ளே சிக்கிய காற்றுக்கு வெளியேற வழியில்லை. முனையை 2, 3 செ.மீ. ஆழத்துக்கு உயர்த்தினால் போதும்.

மாதக்கணக்கில் ஊமையாக இருந்த அமைப்பு ஒரு நாள் உறிஞ்சும் சத்தம் போட்டால் வால்வைத் தொடாதீர்கள். பம்பைப் பாருங்கள். அதன் சக்கரத்தில் சுண்ணாம்பு படிந்து தண்ணீர் குறைவாக ஏறுவதால், அதே திறப்பில் இறங்குவது அதிகமாகிக் காற்றையும் சேர்த்து இழுக்கிறது. வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தால் பழைய அமைதி திரும்பும். இதற்கு நேர்மாறாக அவசரக் குழாயில் தண்ணீர் ஓடத் தொடங்கினால் முதல் குழாயில் எதுவோ அடைக்கிறது. நத்தை, பாசி, சில சமயம் சீப்புக்கு மேல் குதித்து உள்ளே போன மீன்.

ஆக, நோயைக் கண்டுபிடிக்கத் தரையைப் பார்க்க வேண்டாம். எந்தத் தொட்டியில் மட்டம் கூடியிருக்கிறது என்று பார்த்தால் போதும். மேலே கூடி, கீழே பம்ப் அறையில் குறைந்தால் வழிவில் அடைப்பு. மேலே குறைந்து கீழே கூடினால் பம்ப் தளர்ச்சி. கீழே மட்டும் குறைந்தால் ஆவியானது.

அடைப்புக்கும் ஆவியாதலுக்கும் உள்ள வேறுபாடு இயந்திரத்துக்குத் தெரியாது என்பதில்தான் மீன்களின் உயிர் இருக்கிறது. ஆவியான தண்ணீரை ஈடுகட்ட மிதவையோடு நல்ல தண்ணீர் ஊற்றும் கருவி பலர் வீட்டில் உண்டு. வழிவு அடைத்து பம்ப் அறை இறங்கினாலும், ஆவியாகிவிட்டது என்றே அது எண்ணும். நல்ல தண்ணீரை ஊற்றும். மேலே உப்புத் தண்ணீர் விளிம்பு தாண்டித் தரைக்கு, கீழே நல்ல தண்ணீர் உள்ளே. 300 லிட்டர் அமைப்பில் 30 லிட்டர் இப்படிக் கைமாறினால் உப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போய்விடும். இறாலும் நத்தையும் இதை மீனுக்கு முன்பே உணரும். அந்தக் கருவியின் வாளியைச் சிறியதாக வைப்பதே இதற்குத் தடுப்பு: 10 லிட்டர் வாளி 10 லிட்டர் தவறைத்தான் செய்யும்.

உள்ளே இருப்பவை கடையில் சுலபமாக மாற்றிக்கொள்ளும் பொருள்கள் அல்ல. கோமாளி மீனை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறது. ஆனால் பல கடல் மீன்கள் இன்றும் பாறைகளிலிருந்து பிடித்து வரப்படுபவைதான். கடினப் பவழங்கள், கடல் விசிறிகள், கடல் குதிரைகள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பதால் அவற்றை நம் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம்.

மனிதர்களுக்கும் ஆபத்து உண்டு. உப்புத் தண்ணீர் நன்றாக மின்சாரம் கடத்தும். அலமாரிக்குள் 230 வோல்ட் பலகை, அதற்குக் கீழே சம்ப். பலகையைத் தொட்டியின் மட்டத்துக்கு மேலே பக்கச் சுவரில் அறைய வேண்டும். ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்குப் போகும் முன் ஒரு முறை கீழே தொங்கி மேலேற வேண்டும். ஒயர் வழியே வரும் சொட்டு அந்த வளைவிலேயே விழுந்துவிடும். 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி. இல்லாமல் கடல் தொட்டி வைப்பது துணிச்சல் என்ற பேரில் செய்யும் முட்டாள்தனம்.

இவ்வளவையும் சரிபார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். பம்பின் பிளக்கைப் பிடுங்குங்கள். கீழே தண்ணீர் ஏறி நிற்கும்வரை காத்திருங்கள். மறுபடி போடுங்கள், மூன்று முறை போட்டு எடுத்து, மூன்று முறையும் வழிவு தானே பிடிக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஓடும்போதே முதல் குழாயின் வாயை ஒரு பந்தாலோ துணியாலோ அடைத்து, அவசரக் குழாய் தனியாகச் சமாளிக்கிறதா என்று பாருங்கள். ஒற்றைக் குழாய் மட்டும் இருந்தால், விளிம்புக்கு முன்னால் பம்ப் காற்றை இழுக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக சம்பின் கண்ணாடியில் அழியாத மார்க்கரால் ஒரு கோடு. பம்ப் ஓடும்போது தண்ணீர் இதற்கு மேல் நிற்கக் கூடாது என்பதற்கு. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது தொட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சாவியைக் கொடுக்கும் பக்கத்து வீட்டுக்காரர், தண்ணீர் குறைந்திருக்கிறதே என்று பரிவோடு இரண்டு வாளி கூடுதலாக ஊற்றிவிட்டுப் போவார். அவருக்கு அந்தக் கோட்டைக் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.