செசூ ஹயாகவாவின் திரைவாழ்வும் சயாம் மரண ரயிலின் தமிழரும்

ஆய்வுச் சுருக்கம்

ஜப்பானில் பிறந்து அமெரிக்கத் திரையுலகில் புகழ்பெற்றவர் செசூ ஹயாகவா (1886–1973). அவர் முதுமையில் நடித்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ (1957) இலங்கையில் படமாக்கப்பட்டது. மலாயாத் தமிழர் பல்லாயிரவர் மாண்ட சயாம்–பர்மா ரயில்பாதையே அதன் கதைக்களம். ஆயினும் அத்தமிழர் அதில் கதைமாந்தராக இடம்பெறவில்லை. ஹயாகவாவின் திரைவாழ்வையும் இவ்விடுபடலையும் ஒருசேர நோக்கி, திரையில் தோன்றுவதற்கும் கதையின்மீது உரிமை பெறுவதற்கும் உள்ள வேறுபாட்டை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: செசூ ஹயாகவா, ஜப்பானிய நடிகர்கள், ஹாலிவுட், கித்துல்கல, சயாம் மரண ரயில், மலாயாத் தமிழர்

முன்னுரை

இலங்கையில் அவிசாவளையிலிருந்து அட்டனுக்குச் செல்லும் சாலையில் அமைந்த ஊர் கித்துல்கல. அங்குக் களனி ஆற்றின்மீது படத்திற்கென ஒரு பாலம் கட்டப்பட்டு, 1957இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. படத்தின் இயக்குநர் டேவிட் லீன். ஜப்பானிய முகாம் தலைவர் கர்னல் சைத்தோவாக நடித்தவர் ஹயாகவா. அதே சாலை மலையகத் தமிழர் வாழும் தேயிலைத் தோட்டங்களுக்கும் இட்டுச் செல்கிறது. கங்காணி முறையில் தமிழகத்திலிருந்து ஒரு சாரார் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும், மற்றொரு சாரார் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் சென்றனர். பின்னவருள் பலரே படம் சித்திரிக்கும் ரயில்பாதையில் உழைத்து மடிந்தனர்.

மௌனப்பட நாயகன்

ஹயாகவாவுக்குப் பெரும்புகழ் தந்தது செசில் பி. டிமில் இயக்கிய ‘தி சீட்’ (1915). அதில் அவர், கடன்பட்ட வெள்ளைக்காரப் பெண்ணின் தோளில் சூடு போடும் ஜப்பானிய வணிகராக நடித்தார். இப்பாத்திரம் தங்களை இழிவுபடுத்துவதாக அமெரிக்காவாழ் ஜப்பானியர் கண்டித்தனர். முதல் உலகப்போரில் ஜப்பான் நேச அணியில் இருந்தது. 1918இல் படம் மீண்டும் வெளியானபோது அவ்வணிகர் பர்மியத் தந்த வணிகராக மாற்றப்பட்டார். பேசாப்படமாதலால் எழுத்தட்டைகளை மாற்றுவதே இதற்குப் போதுமானதாயிற்று. நடிகரின் முகம் மாறவில்லை. முகத்திற்குரிய நாடு மட்டும் மாறியது.

அதே 1918இல் ஹயாகவா ஹாவர்த் பிக்சர்ஸ் என்னும் சொந்தப் படநிறுவனத்தைத் தொடங்கினார். அவரும் அவர் மனைவி சுரு அவோகியும் நடித்த ‘தி டிராகன் பெயிண்டர்’ (1919) அந்நிறுவனத்தின் படைப்பே. அதில் அவர் வில்லனல்லர். காதலுக்கும் கலைக்கும் இடையே தவிக்கும் ஓவியர். கதையைத் தெரிவு செய்யும் உரிமை கைக்கு வந்தபோது பாத்திரத்தின் தன்மையும் மாறியது என்பதற்கு இப்படம் தக்க சான்றாகும். எனினும் 1920களின் தொடக்கத்தில் ஜப்பானிய எதிர்ப்புணர்வு வலுத்தது. ஹயாகவா ஹாலிவுட்டை விட்டு நீங்கிப் பிரான்சு முதலிய நாடுகளில் நடிக்கலானார். 1924ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் ஜப்பானியர் அமெரிக்காவில் குடியேறும் வழியை அடைத்தது.

ஒரே முகம், பல நாடுகள்

இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தது. போருக்குப்பின் ஹாலிவுட் ஹயாகவாவை மீண்டும் அழைத்தது. ‘த்ரீ கேம் ஹோம்’ (1950) படத்தில் போர்னியோ முகாமின் ஜப்பானிய அதிகாரியாகவும், அடுத்துச் சைத்தோவாகவும் அவர் தோன்றினார். ஒருகாலத்தில் காதல் நாயகனாகத் திகழ்ந்தவருக்குச் சிறைமுகாம் தலைவர் வேடமே எஞ்சியது. அவ்வேடத்திற்குத் தன்மான உணர்வும் மனவேதனையும் ஊட்டி, சிறந்த துணைநடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரையை அவர் பெற்றார்.

அதே ஆண்டு விருதுகளில் ‘சயோனாரா’ (1957) படத்திற்காக மியோஷி உமேகி சிறந்த துணைநடிகை விருதை வென்றார். ஆனால் அப்படத்தில் கபுகி நடிகர் வேடம் மெக்சிகோவில் பிறந்த ரிக்கார்டோ மொன்டல்பானுக்கு அளிக்கப்பட்டது. உமேகியோ ‘ஃப்ளவர் டிரம் சாங்’ (1961) படத்தில் சீனப்பெண்ணாக நடித்தார். ஆசிய முகங்களை ஒன்றுக்கொன்று ஈடாகக் கருதிய போக்கு 1918இன் எழுத்தட்டைகளோடு முடிந்துவிடவில்லை என்பதை இவை காட்டுகின்றன.

விடுபட்ட தமிழர்

சயாமையும் பர்மாவையும் இணைத்த பாதை 415 கி.மீ. நீளமுடையது. 1942இல் தொடங்கிய பணி 1943 அக்டோபரில் நிறைவுற்றது. நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கும் மேற்பட்டோர் அதில் ஈடுபடுத்தப்பட்டனர். 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளர் தொகை இதனினும் பன்மடங்கு. மதிப்பீடுகள் வேறுபடினும், அவர்களுள் இறந்தோர் ஏறத்தாழ 90,000 எனப் பலரும் கருதுவர். பர்மியர், சாவகர், மலாயர், சீனர் ஆகியோரோடு மலாயாத் தோட்டத் தமிழரும் அவர்களுள் பெரும்பகுதியினர்.

ஜப்பானிய ஆட்சியில் ரப்பர் ஏற்றுமதி நின்றதால் தோட்டங்களில் வேலையும் உணவும் அருகின. கூலி தருவதாகச் சொல்லி ஆள்சேர்த்தனர். ஆள் போதாதபோது வலிந்து பிடித்தனர். இலவசத் திரைப்படம் காட்டுவதாக அழைத்து, கூடியவர்களை வளைத்துச் சயாமுக்கு அனுப்பியதாகவும் நினைவுகூறல்கள் உண்டு. போர்க்கைதிகளுக்குத் தம் படை மருத்துவர்களும் அதிகாரிகளும் இருந்தனர். தோட்டத் தமிழருக்கு அத்தகைய அமைப்பு எதுவுமில்லை. காலராவும் மலேரியாவும் அவர்களைக் கூட்டங்கூட்டமாக அழித்தன. போர்க்கைதிகளின் கல்லறைகள் காஞ்சனபுரியில் பெயரோடு பேணப்படுகின்றன. தமிழரின் உடல்கள் பெரும்பாலும் அடையாளமின்றிப் புதையுண்டன.

படம் பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூலின் நாவலைத் தழுவியது. அதன் மையம் பிரிட்டிஷ் கர்னலுக்கும் ஜப்பானியக் கர்னலுக்கும் இடையிலான மானப்போராட்டம். அதன்படி ஜப்பானியப் பொறியாளர் திறனற்றவர். பிரிட்டிஷாரே நல்ல பாலத்தைக் கட்டுகின்றனர். உண்மையில் ரயில்பாதையை வகுத்தவர்கள் ஜப்பானியப் பொறியாளர்களே. ஆக, படம் ஜப்பானியரைத் திரித்துக் காட்டியது. தமிழரைக் காட்டவே இல்லை. தவறாகக் காட்டப்பட்டோர் மறுப்புரைக்க ஓர் உருவேனும் திரையில் உண்டு; காட்டப்படாதோருக்கு அதுவும் இல்லை.

கதையுரிமை

இவ்விரு குறைகளுக்கும் தீர்வு ஒரே திசையிலிருந்து வந்தது. 1965இல் மாகோ உள்ளிட்ட ஆசிய அமெரிக்கக் கலைஞர்கள் லாஸ் ஏஞ்சல்ஸில் ‘ஈஸ்ட் வெஸ்ட் பிளேயர்ஸ்’ நாடகக் குழுவை நிறுவினர். வேடம் கிடைக்கும்வரை காத்திராமல் தமக்குரிய மேடையைத் தாமே அமைத்துக்கொண்டனர். மலேசியத் தமிழ் எழுத்திலும் இதற்கு இணையான முயற்சி நிகழ்ந்தது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் தோட்டத் தமிழரை அவ்வரலாற்றின் நடுவே நிறுத்தின.

முடிவுரை

ஹயாகவாவின் நீண்ட திரைவாழ்வில் அவருடைய திறமை குன்றவில்லை. அவருக்கான பாத்திரங்களை வகுத்தவர்களே மாறினர். படநிறுவனம் கையில் இருந்தபோது ஓவியராகவும், அது கைவிட்டுப்போனபின் சிறைமுகாம் அதிகாரியாகவும் அவர் உருப்பெற்றார். அவருக்கு மறுவாழ்வு தந்த படத்திலேயே தமிழ்த் தொழிலாளர் மறைக்கப்பட்டனர் என்பதை இணைத்துக் காணும்போது, ஓர் இனத்தாரின் திரை இருப்பை நடிகர் எண்ணிக்கையாலோ விருதுகளாலோ மட்டும் அளத்தல் நிறைவுடையதாகாது என்பது புலனாகும். கதையை யார் எழுதினர், யார் தயாரித்தனர், யாரை விட்டனர் என்னும் வினாக்களையும் சேர்த்தே அதனை அளத்தல் வேண்டும்.