நன்மதிப்பை மீட்ட வணிகம்

வணிகத்துக்கு முதல் இருவகைத்து: ஒன்று பொருள், மற்றொன்று நம்பிக்கை. பின்னையதை இழந்தோர் மீட்டல் அரிது. அங்ஙனம் மீட்டோருள் தென்கொரிய ஹூண்டாய் நிறுவனமும் ஒன்றாகும்.

1986 இல் அந்நிறுவனம் 'எக்செல்' என்னும் மோட்டார் வண்டியை 4,995 டொலர் தொடக்க விலையில் அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது. மலிவு கண்டு மக்கள் திரண்டு வாங்கினர். ஆயின், வண்டிகள் அடிக்கடி பழுதுற்றமையால் அதன் பெயர் நகைப்புக்கு இடமாயிற்று.

1998 இல், இயந்திரத்துக்கும் விசைசெலுத்தும் உறுப்புகளுக்கும் 10 ஆண்டு அல்லது 100,000 மைல் உத்தரவாதத்தை நிறுவனம் அறிவித்தது. இதன் நுட்பம் ஈண்டு நோக்கத்தக்கது. பழுதின் செலவு வாங்குவோனைவிட்டுச் செய்வோனைச் சார்ந்தது. ஆகவே, நல்ல வண்டி செய்தாலன்றி நிறுவனத்துக்கு உய்வில்லை. தரச் சோதனை கடுமையாயிற்று. 2004 இல் ஜே. டி. பவரின் தொடக்கத்தர ஆய்வில், நிறுவன வரிசையில் ஹொண்டாவுடன் இரண்டாம் இடத்தை அது பகிர்ந்துகொண்டது.

மலிவு ஒருமுறை விற்கும். மறுமுறை விற்பது தரமே.