வகுப்பறைக்கு வெளியே – 9: ஒரே நாளில் வந்த இரண்டு உத்தரவுகள்

சென்ற வாரம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இருந்தோம். 2011-இல் ஆளுநர் ஸ்காட் வாக்கர் ஆசிரியர் சங்கங்களின் கூட்டுப்பேர உரிமையைச் சட்டம் போட்டுச் சுருக்கினார். மக்கள் திரண்டு சட்டமன்றக் கட்டடத்துக்குள்ளேயே படுத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு அவரைத் திரும்ப அழைக்கத் தேர்தல் நடந்தபோது, அதே மாநிலம் அவரையே மறுபடி நாற்காலியில் உட்கார வைத்தது. இந்த வாரம் ஊர் திரும்புவோம். தமிழ்நாட்டுக் கதையில் வரிசை தலைகீழ். இங்கே முதலில் கைதட்டல் கேட்டது, தோல்வி பிறகுதான் வந்தது.

2003 ஜூலை 2. ஜாக்டோ-ஜியோ, கோட்டா-ஜியோ என்ற இரண்டு கூட்டமைப்புகளில் திரண்டிருந்த அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் காலவரையற்ற வேலைநிறுத்தத்தைத் தொடங்கினார்கள். புதிதாக எதையும் அவர்கள் கேட்கவில்லை. பறிபோனதைத்தான் திரும்பக் கேட்டார்கள். 2001-இல் ஆட்சிக்கு வந்த ஜெயலலிதா அரசு, கஜானா காலி என்று வெள்ளை அறிக்கை வைத்தது. ஐந்தாவது ஊதியக் குழுவை ஒட்டித் தொண்ணூறுகளின் இறுதியில் ஏறிய சம்பளமே மாநிலத்தை அழுத்துகிறது என்றது. அதன் பிறகு ஒவ்வொன்றாகக் கத்தரி விழுந்தது. ஈட்டிய விடுப்பை சரண்டர் செய்து பணமாக்குவது நின்றது. போனஸில் கை வைத்தார்கள். ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை மொத்தமாக வாங்கிக்கொள்ளும் கம்யூட்டேஷன் அளவு குறைந்தது. மகள் கல்யாணத்தையும் வீட்டுக் கடனையும் இந்தத் தொகைகளை நம்பித் திட்டம் போட்டிருந்த குடும்பங்கள் அவை.

வேலைநிறுத்தம் தொடங்கும் முன்பே சங்கத் தலைவர்களை வீடு வீடாகப் போய் இரவோடிரவாகத் தூக்கினார்கள். டெஸ்மா என்று மக்கள் வாயில் புழங்கிய தமிழ்நாடு அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம் 2002-இலேயே தயாராக இருந்தது. ஜூலை 4-ஆம் தேதி அதற்கு ஒரு அவசரத் திருத்தம் வந்தது. விளக்கம் கேட்காமல், விசாரணை வைக்காமல், வேலைக்கு வராதவரை நீக்கலாம் என்பதுதான் அந்தத் திருத்தம். சில நாட்களுக்குள் சுமார் 1,70,000 பேருக்கு வேலை போயிற்று. இந்தியாவில் எந்த மாநில அரசும் அதற்கு முன் இப்படி ஒரு காரியத்தைச் செய்ததில்லை. இருபது வருடம் சர்வீஸ் போட்ட தலைமையாசிரியரும், சேர்ந்து ஆறு மாதம் ஆகாத இளநிலை உதவியாளரும் ஒரே பட்டியலில் இருந்தார்கள்.

அந்த ஜூலை மாதத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த யாருக்கும் பேச்சின் தொனி நினைவிருக்கும். “வேணும்யா இவங்களுக்கு” என்பதுதான் அது. சாதிச் சான்றிதழுக்கு நாலு நடை நடந்தவர், பட்டா மாற்றத்துக்குக் கையூட்டு கொடுத்தவர், பத்து மணிக்குத் திறக்க வேண்டிய அலுவலகத்தின் வாசலில் பதினொன்று வரை நின்றவர், எல்லோருக்கும் அன்று வாய் இருந்தது. அந்தக் கோபம் பொய்யில்லை. ஆனால் அதைச் சம்பாதித்தது தாலுகா ஆபீஸ். அடி விழுந்ததில் பெரும்பங்கு பள்ளிக்கூடத்துக்கு. அரசு ஊழியர் என்றால் ஊருக்கு ஊர் கண்ணில் படுகிறவர் ஆசிரியர்தான், எண்ணிக்கையிலும் அவரே அதிகம். கையூட்டு வாங்க வழியே இல்லாத இடைநிலை ஆசிரியர், கிம்பளம் வாங்கியவனுக்கான வசவையும் சேர்த்து வாங்கிக்கொண்டார்.

இதற்குப் பின்னால் ஒரு பழைய கணக்கும் உண்டு. “போக்கத்தவனுக்குப் போலீஸ் வேலை, வாக்கத்தவனுக்கு வாத்தியார் வேலை” என்று ஊர் சொன்ன காலத்தில் ஆசிரியர் மேல் பொறாமைப்பட ஒன்றுமில்லை. ஜில்லா போர்டு சம்பளம் எந்த மாதம் வரும் என்று தெரியாது. தனியார் நிர்வாகப் பள்ளியில் முழுச் சம்பளத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பாதியைக் கொடுத்த கதைகள் ஏராளம். சங்கங்கள் பிறந்தது அந்த அவமானத்திலிருந்துதான். எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1981 ஜூன் 1 முதல் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் ஊதியக் குழுக்கள் வரவர, வாத்தியாருக்குப் பெண் கொடுக்க யோசித்தவர்கள் வாத்தியார் மாப்பிள்ளை தேடினார்கள். அதே இருபது ஆண்டில் நெசவு நொடித்தது. காவிரி பொய்த்தது. 2002-இல் நெசவாளர்களுக்குக் கஞ்சித் தொட்டி திறக்கும் நிலை வந்தது. ஊரில் முதல் தேதி தவறாமல் பணம் புழங்குகிற வீடு ஆசிரியர் வீடு ஒன்றுதான் என்றால், அந்த வீட்டைப் பார்க்கிற கண் எப்படி இருக்கும்? 2003 ஜூலையில் அரசு இந்தக் கண்ணைக் கணக்கில் வைத்துத்தான் காய் நகர்த்தியது. காலியான இடங்களுக்குத் தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆட்களை எடுக்கப்போவதாக அறிவிப்பு வந்ததும், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வருடக்கணக்காகக் காத்திருந்த பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

பணிநீக்கத்தை எதிர்த்த வழக்கு உயர் நீதிமன்றம் போனது. தனி நீதிபதி ஒருவர் இடைக்கால நிவாரணம் தந்தார். இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கிவிட்டு, நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போகச் சொன்னது. அந்தத் தீர்ப்பாயத்தில் அப்போது இருந்தது ஒரே ஒரு உறுப்பினர். ஒரு லட்சத்து எழுபதாயிரம் மனுக்களை ஒரு மனிதர் எத்தனை பிறவியில் விசாரிப்பார் என்று யாரும் கேட்கலாம், உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ அதைத்தான் கேட்டது. சி.ஐ.டி.யு. தலைவர் டி.கே.ரங்கராஜன் தொடுத்த வழக்கில் நீதிபதிகள் எம்.பி.ஷா, ஏ.ஆர்.லட்சுமணன் அமர்வு முன்னால், பெரும்பாலோரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள அரசு சம்மதித்தது. நிபந்தனை, மன்னிப்புக் கடிதம். இனி வேலைநிறுத்தத்தில் இறங்க மாட்டேன், வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் அரசு ஊழியர் நடத்தை விதி 22-க்குக் கட்டுப்படுவேன் என்று ஒவ்வொருவரும் எழுதித் தர வேண்டும். பிள்ளைகளை இம்போசிஷன் எழுத வைத்துப் பழகிய கைகள் அந்தக் கடிதத்தை எழுதின. சுமார் 6,000 பேரை மட்டும் அரசு சேர்க்க மறுத்தது. அவர்கள் முறையீட்டைக் கேட்க ஓய்வுபெற்ற மூன்று நீதிபதிகள் அமர்ந்தார்கள்.

தீர்ப்பு வந்த நாள் 2003 ஆகஸ்ட் 6. வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமை கிடையாது, சட்டப்படியான உரிமை கிடையாது, தார்மீக உரிமையும் கிடையாது என்றது நீதிமன்றம். முதல் இரண்டைப் பற்றிச் சட்டம் படித்தவர்கள் வாதிடட்டும். மூன்றாவது எனக்கு இன்றும் விளங்கவில்லை. தார்மீகத்தில் எது உண்டு எது இல்லை என்று அளந்து சொல்லும் வேலை நீதிமன்றத்துடையதா? போகட்டும். மறுநாள் ஊரெல்லாம் அதுதான் பேச்சு. வழக்கறிஞர்கள், தலையங்கக்காரர்கள், சங்கக்காரர்கள் எல்லோரும் அந்தத் தீர்ப்பையே சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

அதே ஆகஸ்ட் 6-ஆம் தேதி, தலைமைச் செயலகத்தில் நிதித் துறை இன்னொரு தாளில் கையெழுத்திட்டது. அரசாணை எண் 259. 2003 ஏப்ரல் 1 முதல் அரசு வேலையில் சேரும் யாருக்கும் பழைய ஓய்வூதியம் கிடையாது என்றது அது. சம்பளத்தில் பத்து சதவீதம் பிடிக்கப்படும், அரசும் அதே அளவு போடும், சேருவது கையில் வரும். கடைசி மாதச் சம்பளத்தில் பாதி, ஆயுள் முழுக்க, பிறகு துணைவருக்கும் என்ற ஏற்பாடு புதியவர்களுக்கு முடிந்தது. அன்று இதை எதிர்த்து யாரும் மறியல் செய்யவில்லை. செய்ய ஆளுமில்லை, காரணம் அந்த ஆணையால் பாதிக்கப்படப் போகிறவர்கள் அப்போது பெரும்பாலும் கல்லூரியிலும் பள்ளியிலும் படித்துக்கொண்டிருந்தார்கள். வேலைக்கே வராதவனுக்கு ஏது சங்கம்?

பணிநீக்கத்தின் ஆயுளையும் இந்த ஆணையின் ஆயுளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2004 மே 13-இல் மக்களவைத் தேர்தல் முடிவு வந்தது. தி.மு.க. அணிக்குப் புதுச்சேரியையும் சேர்த்து நாற்பதுக்கு நாற்பது. அ.தி.மு.க.வுக்கு ஓரிடம்கூட இல்லை. ஐந்தே நாளில், மே 18 அன்று, ஜெயலலிதா வரிசையாகப் பின்வாங்கினார். ஊழியர்கள் மேலிருந்த நடவடிக்கைகள் ரத்து. விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் திரும்ப வந்தது. ரேஷன் கார்டில் வருமான வரம்பு வைத்து ஒட்டிய முத்திரை போயிற்று. மதமாற்றத் தடைச் சட்டமும் போயிற்று. நாற்பது இடமும் ஆசிரியர்கள் போட்ட ஓட்டால் வந்தது என்று சங்க மேடைகளில் இன்றும் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. எதிரணியில் காங்கிரஸ், பா.ம.க., ம.தி.மு.க., இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள் என்று எல்லோரும் சேர்ந்திருந்தார்கள், அந்தக் கூட்டல் கணக்கே பாதி வேலையைச் செய்திருக்கும். மீதியை மே 18 பட்டியலே சொல்கிறது. வாத்தியாருக்கு வெட்டு விழுந்தபோது கைதட்டிய விவசாயிக்கும் மின்சாரத்தில் வெட்டு விழுந்திருந்தது, கைதட்டிய கடைக்காரருக்கும் ரேஷன் கார்டில் விழுந்திருந்தது. அது உறைத்த பிறகுதான் ஊர் ஒரே பக்கம் சேர்ந்தது.

பணிநீக்கம் பத்து மாதத்தில் தடம் தெரியாமல் போனது. அரசாணை 259 அப்படிப் போகவில்லை. மே 18 பட்டியலில் அது இல்லை. யாரும் கேட்காததால் யாரும் திரும்பப் பெறவுமில்லை. அதற்குப் பின் வந்த தி.மு.க. ஆட்சியும் அதைத் தொடவில்லை. 2021 தேர்தல் அறிக்கையில் பழைய ஓய்வூதியத்தைத் திரும்பக் கொண்டுவருவோம் என்று தி.மு.க. எழுதியபோது, ஆணைக்கு வயது பதினெட்டு.

2003-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே சத்தமில்லாத இன்னொரு காரியமும் நடந்தது. புதிய ஆசிரியர்களைக் காலமுறை ஊதியத்தில் எடுக்காமல் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். இடைநிலை ஆசிரியருக்கு 3,000 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 4,000, முதுகலை ஆசிரியருக்கு 4,500. பக்கத்து வகுப்பில் அதே பாடம் நடத்துகிறவர் வாங்குவதில் ஒரு துண்டு. 2006 ஜூன் 1 முதல் கருணாநிதி அரசு அவர்களைக் காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவந்தது. ஆனாலும் அந்தத் தொகுப்பூதிய வருடங்கள் அவர்கள் சர்வீஸ் கணக்கில் ஒரு பள்ளமாகவே நிற்கின்றன. 2012-இல் அதே யோசனை புதுச் சட்டை போட்டு வந்தது. ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல் கற்பிக்க 16,549 பகுதிநேர ஆசிரியர்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை, மாதம் 5,000 ரூபாய். மே மாதம் பள்ளி இல்லை என்பதால் சம்பளமும் இல்லை. முழுநேர ஆசிரியருக்கு மே மாதம் வயிறு இருப்பதை ஒப்புக்கொண்ட அரசு, இவர்களுக்கு அதை ஒப்புக்கொள்ளவில்லை.

2019 ஜனவரி 22-இல் ஜாக்டோ-ஜியோ மறுபடி இறங்கியபோது, முதன்மைக் கோரிக்கை அந்த 2003 ஆணைதான். அதாவது பதினாறு ஆண்டு கழித்து. இதற்குள் புதிய திட்டத்தில் சேர்ந்த தலைமுறை சங்கத்துக்குள் வளர்ந்துவிட்டிருந்தது. கோரிக்கை நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பொதுத்தேர்வுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது வகுப்பறையைப் பூட்டினார்கள். தெருவின் கேள்வி 2003-ஐவிட நேரடியாக வந்தது: “எங்களுக்கு ஏது பென்ஷன்? ஐம்பதாயிரம் சம்பளம் வாங்குறவனுக்கு என்ன குறை?” அரசு இதைப் பிடித்துக்கொண்டது. வருவாயில் எவ்வளவு சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் போகிறது என்று மக்களிடம் கணக்குக் காட்டினார்கள். கைப்பேசிகளில் கேலிப் படங்கள் பறந்தன. தற்காலிக ஆசிரியர்களை 10,000 ரூபாய்க்கு எடுப்போம் என்றதும் பி.எட். முடித்தவர்கள் கல்வி அலுவலகங்களுக்கு விண்ணப்பத்தோடு வந்தார்கள். ஜனவரி 30-இல் போராட்டம் வாபஸ்.

“எங்களுக்கு ஏது பென்ஷன்” என்று கேட்டவருக்குச் சங்கம் பதில் சொல்லவே இல்லை என்பதுதான் என் குறை. பதில் இருந்தது. கேட்டவர் பிள்ளை நாளை ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டி.ஆர்.பி.) தேர்வு எழுதி வேலைக்கு வந்தால், அந்தப் பிள்ளைக்கான சண்டைதான் இது. தன் உறுப்பினருக்குச் சுற்றறிக்கை எழுதத் தெரிந்த சங்கத்துக்கு, தன் மாணவனின் அப்பாவிடம் பேசத் தெரியவில்லை. அந்த அப்பாவில் பலர் பிள்ளையை மெட்ரிகுலேஷன் பள்ளிக்கு மாற்றியிருந்தார்கள் என்பதும் உண்மை. அரசுப் பள்ளி ஆசிரியரோடு அவருக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அவருக்குத் தெரிந்த ஆசிரியை, கட்டணம் கட்டுகிற பள்ளியில் ஏழாயிரத்துக்கோ எட்டாயிரத்துக்கோ மாலை வரை நிற்கிறவர். “இவங்க வேலை பார்க்கலையா?” என்று அவரைத்தான் உதாரணம் காட்டுவார்.

அந்த ஆசிரியைக்கு 2020-இல் என்ன நடந்தது? மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடின. பெற்றோர் கட்டணம் கட்டவில்லை, நிர்வாகங்கள் பாதிச் சம்பளம் என்றன, பிறகு கூப்பிடும்போது வாருங்கள் என்றன. நோட்டீஸ் இல்லை, பட்டியல் இல்லை, அவசரச் சட்டமும் இல்லை. நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் உண்டு, ஜவுளிக்கடையில் நின்றவர்கள் உண்டு. தெலங்கானா அரசு 2021-இல் தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு மாதம் 2,000 ரூபாயும் 25 கிலோ அரிசியும் கொடுத்தது. இங்கே அப்படி ஒரு கோரிக்கை பெரிய குரலாக எழவே இல்லை. எழுப்பியிருக்கக்கூடிய பெரிய சங்கங்களில் அவர்கள் உறுப்பினர் இல்லை. அரசுப் பள்ளி ஆசிரியரைத் திட்ட அவர்களை உதாரணம் காட்டிய பெற்றோரும் அவர்களுக்காக வாய் திறக்கவில்லை.

(தொடரும்)