பட்டதாரியும் பால் சங்கமும்

"நியமனம் வரட்டும் சேர், பார்ப்பம்." வன்னியில் படிப்பிக்கும் எவரும் பழைய மாணவரிடம் இந்தப் பதிலைக் கேட்டிருப்பர். 2017இல் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தின் முன் பட்டதாரிகள் மாதக்கணக்கில் குந்தியிருந்தார்கள். 2020இல் ஆயிரக்கணக்கானோர் 20,000 ரூபாய் மாதக் கொடுப்பனவில் அரச பயிலுநர்களாகச் சேர்க்கப்பட்டனர். அவர்களுக்குப் பின் பட்டம் பெற்றவர்கள் மறுபடியும் காத்திருக்கிறார்கள்.

இவர்களிடம் இப்போது 'சமூக முயற்சியாண்மை' பற்றிப் பேசுகிறோம். அது தர்மமும் அல்ல, வெறும் கடையும் அல்ல. ஊரின் ஒரு குறையைத் தீர்ப்பதற்காகவே நடத்தும் வியாபாரம் அது. இலாபம் வராவிட்டால் நிலைக்காது. வந்த இலாபம் பெரும்பாலும் அந்த வேலைக்கே திரும்பப் போகும். முதல் அழியாமல் பயனை ஊருக்குக் கொடுக்கும் வக்பை அறிந்த நமக்கு இந்த எண்ணம் புதிதல்ல.

"காசுக்கு எங்க போறது?" என்று பிள்ளைகள் கேட்பது நியாயம். நுண்கடனில் வன்னிப் பெண்கள் பட்ட பாடு தெரிந்ததே. 2018இல், வறட்சி பாதித்த 12 மாவட்டங்களின் பெண்கள் பெற்றிருந்த 1 இலட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களை அரசு பொறுப்பேற்க வேண்டி வந்தது. ஆகவே, 'கடன்பட்டு முதலாளியாகு' என்பது நல்ல புத்திமதியல்ல. ஆனால் பட்டதாரி தனியே முதலாளியாக வேண்டும் என்று கட்டாயமும் இல்லை.

குஜராத்தின் ஆனந்த் இதற்கு நல்ல உதாரணம். இடைத்தரகரின் விலைக்குப் பால் கொடுத்துச் சலித்த விவசாயிகள் 1946இல் திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். சென்னை கிண்டியில் பொறியியல் படித்த வர்கீஸ் குரியன் 1949இல் அரச உத்தியோகத்தராக அங்கு வந்தார். பின்னர் அந்த உத்தியோகத்தை விட்டு, விவசாயிகளின் சங்கத்திலேயே சம்பளத்துக்கு அமர்ந்தார். எருமைப்பாலில் பால்மா செய்ய முடியாது என்று நிபுணர்கள் சொன்னதை, அவரும் தலாயாவும் 1955இல் செய்து காட்டினார்கள். அமுல் வளர்ந்த கதை இதுதான். சங்கம் விவசாயிகளுடையது, அறிவு பட்டதாரியுடையது.

வன்னியிலும் மாடு உண்டு, எருமை உண்டு, கால்நடை வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கங்களும் உண்டு. ஆயினும் 2021, 2022இல் பால்மாப் பக்கற்றுக்கு நாமும் வரிசையில் நின்றோம். கறந்த பாலை உடனே குளிராக்காவிட்டால் சில மணித்தியாலத்தில் புளித்துவிடும். பழுதாகுமுன் கிடைத்த விலைக்கு விற்க வேண்டியதுதான். பாலைப் பரிசோதிக்க, கணக்கு வைக்க, குளிரூட்டியைப் பராமரிக்க, தயிராகவும் நெய்யாகவும் மாற்றி விற்க ஆள் வேண்டும். 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவில் பிரயோக விஞ்ஞானம், வணிகம், தொழில்நுட்பம் ஆகிய பீடங்கள் உள்ளன. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள் இருக்கின்றன. தேவையும் படிப்பும் ஒரே மண்ணில் இருந்தும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

தொழில் தகைமை என்பது, இன்னொருவர் கூலி கொடுக்க விரும்பும் ஒரு காரியத்தைச் செய்யத் தெரிவதுதான். சான்றிதழோடு, சிங்களத்தில் கொள்வனவாளரிடம் விலை பேசவும், விடியற்காலை பால் சேகரிக்கப் போகவும் பழக வேண்டும். சங்கங்களும் படித்த பிள்ளையை இலவசத் தொண்டராக அழைக்காமல் சம்பளம் பேசி அழைக்க வேண்டும். முதல் வருடச் சம்பளத்துக்கு வசதியுள்ளோர் சங்கத்துக்குக் கர்ழுன் ஹஸனாவாக உதவலாம். அந்த ஒரு வருடத்தில் சங்கத்தின் கணக்கைப் பார்த்தாலே, அடுத்த வருடச் சம்பளத்தைப் பால் தாங்குமா என்பது தெரிந்துவிடும்.