வானத்தில் எடுத்த படம் அலமாரியில் தூங்கலாமா?

பஞ்சமி நிலம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது காகிதம்தான். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர் எழுதிய அறிக்கை, அதையொட்டி 1892இல் வந்த அரசாணை, சென்னை மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படும் கணக்கு. எல்லாம் எழுத்தில் இருக்கிறது. ஆனால் "நம்ம ஊர்ப் பஞ்சமி நிலம் எங்கே?" என்று தெருவில் ஒரு தம்பியைக் கேட்டுப் பாருங்கள். கையை நீட்டி, "அந்தத் தென்னந்தோப்புப் பக்கம்" என்பார். புல எண் தெரிந்தவருக்கு இடம் தெரியாது. இடம் தெரிந்த பெரியவருக்குப் புல எண் தெரியாது. ஆக்கிரமித்தவருக்கு மட்டும் இரண்டும் தெரியும்.

காரணை நிலத்துக்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்கு ஜான் தாமஸையும் ஏழுமலையையும் பறிகொடுத்தவர்கள் நாம். அப்போது நம் கையில் இல்லாத ஒரு கருவி இன்று இருக்கிறது: நிலத்தை மேலிருந்து எடுத்த படம். அது எடுத்தவர் கையிலேயே நின்றுவிடுகிறது என்பதுதான் நம் குறை.

ட்ரோன் வயலின் மேல் ஏர் ஓட்டுவதுபோல் வரிசை வரிசையாகப் போய்வந்து நூற்றுக்கணக்கில் படம் எடுக்கும். ஒரு படத்தின் முக்கால் பங்கு அடுத்த படத்திலும் விழ வேண்டும். 'ஓப்பன் ட்ரோன் மேப்' போன்ற இலவச மென்பொருள் அவற்றைத் தைத்து, கோணலை நீக்கி, ஒரே படமாக்கித் தரும். தரையில் அளந்து வைத்த சில புள்ளிகளோடு அதைப் பொருத்திவிட்டால் அளக்கத் தகுந்த படம் கிடைத்துவிடும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். 500 ஏக்கர் ஊர் என்றால் சுமார் 20 லட்சம் சதுர மீட்டர். படத்தில் ஒரு புள்ளி தரையில் 5 சென்டிமீட்டர் என்று வைத்தால், ஊருக்கு 80 கோடி புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட் வீதம் 2.4 ஜிபி, அதுவும் ஒரே கோப்பு. நம் பிள்ளைகள் வைத்திருக்கும் கைப்பேசியில் அது திறக்காது. ஆகவே அது யாரோ ஒருவரின் ஹார்டு டிஸ்கில் கிடக்கும். தாலுகா ஆபீஸ் அலமாரியில் பூச்சி அரிக்கும் பழைய பதிவேட்டுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இதற்கு வழி, படத்தைச் சதுரத் துண்டுகளாக வெட்டுவது. இணையத்தில் நாம் விரலால் தள்ளிப் பார்க்கும் வரைபடங்கள் எல்லாம் இந்த 'டைல்'களால் ஆனவை. வழக்கமாக ஒரு துண்டு 256க்கு 256 புள்ளி. எட்டநின்று பார்க்கும் முதல் நிலையில் உலகம் முழுவதும் ஒரே துண்டு. அடுத்த நிலையில் 4, அதற்கடுத்து 16. இப்படி நெருங்க நெருங்க நான்கு மடங்காகப் பெருகும். 18ஆம் நிலையில் ஒரு புள்ளி தரையில் 60 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு; வீடு தெரியும். 21ஆம் நிலையில் 7 சென்டிமீட்டர், வரப்பு தெரியும். நம் 500 ஏக்கர் ஊருக்கு அந்த நிலையில் ஏறக்குறைய 6,000 துண்டுகள் வரும். ஒவ்வொன்றுக்கும் கதவு எண் மாதிரி, நிலை, நெடுக்கு வரிசை, குறுக்கு வரிசை என்று மூன்று எண்கள். கைப்பேசி அந்த எண்களைச் சொல்லி, திரையில் தெரிய வேண்டிய பதினைந்து இருபது துண்டுகளை மட்டும் வரவழைக்கும். வாட்ஸ்அப்பில் இரண்டு மூன்று புகைப்படம் வாங்குகிற செலவுதான். 'கியூஜிஐஎஸ்' என்ற இலவச மென்பொருளில் கல்லூரி மாணவர் ஒருவர் தன் மடிக்கணினியிலேயே இப்படி வெட்டிவிடலாம். துண்டுகள் அடங்கிய கோப்புறையைச் சாதாரண இணையத் தளத்தில் ஏற்றினால் போதும்.

இப்படிப் போடப்படுவது அடிப்படம். தரை மாதிரி. அதன் மேல் எதை வரைகிறோம் என்பதில்தான் வேலை இருக்கிறது. அரசின் இ-சேவைத் தளத்தில் அ-பதிவேட்டு விவரமும் புலப்படமும் கிடைக்கின்றன. புலப்படத்தின் கல் குறிகளில் மூன்று நான்கை வானப்படத்தில் கண்டுபிடித்துப் பொருத்தினால், அந்தப் புல எண் இன்று தோப்பா, சூளையா, பிளாட் போட்ட மனையா என்று எவரும் பார்க்கலாம். பழைய பதிவேடுகளில் 'டி.சி. நிலம்' என்றோ நிபந்தனை நிலம் என்றோ இருந்த குறிப்பு புதிய பதிவில் காணாமற்போயிருந்தால், பழைய நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்க வேண்டும். படம் பட்டா ஆகாது. யார் உழுகிறார் என்று அது காட்டும். யாருக்கு உரியது என்று பதிவேடுதான் சொல்லும். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைக்கும்போதுதான் விவகாரம் வெளியே வரும். படம் எடுத்த தேதியையும் கூடவே போட வேண்டும். தேதியில்லாத படத்தை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே கேள்வியில் தள்ளிவிடுவார்.

வரைபட அடுக்கு நீதிமன்றத்தில் பேசியதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலம் சேன்ஸ்வில் நகரத்தை ஒட்டிய கோல் ரன் பகுதியில், கறுப்பினத்தவர் வீடுகளுக்குப் பல பத்தாண்டுகளாகக் குடிநீர்க் குழாய் போடவில்லை. குழாய் வந்த வீடு எது, வராத வீடு எது, அங்கே வாழ்வது யார் என்பதை வரைபடத்தில் வைத்துக் காட்டினார்கள். 2008இல் நடுவர் குழு ஏறக்குறைய 1.1 கோடி டாலர் இழப்பீடு வழங்கச் சொன்னது. நம் ஊர்களில் மேல்நிலைத் தொட்டி, தெருவிளக்கு, சுடுகாட்டுப் பாதை ஆகியவற்றை இப்படி வரைந்தால் என்ன தெரியும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

பெயரிலும் அரசியல் உண்டு. வானப்படத்தில் பெயர் இருக்காது. மேலே எழுதுகிறவர் 'காலனி' என்று எழுதினால் உலகம் அப்படித்தான் படிக்கும். அரசுப் பதிவுகளிலிருந்து அந்தச் சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதற்குள் நாமே நம் தெருவுக்கு நம் பெயரை எழுதிவிடலாம்.

ஓர் எச்சரிக்கை. நம் வீடுகள் பலவற்றில் குளியலறைக்குக் கூரை கிடையாது. நான்கு கீற்றுத் தட்டிதான் மறைப்பு. 5 சென்டிமீட்டர் படத்தில் அதற்குள் இருப்பதும் தெரியும். ஆகவே குடியிருப்புக்கு 18ஆம் நிலையோடு நிறுத்திக்கொண்டு, வயல்வெளியை மட்டும் நெருக்கமாகக் காட்டலாம். எதைக் காட்டுவது என்பதை அங்கே வாழும் பெண்களைக் கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும். ட்ரோன் வைத்திருக்கும் பையன்கள் முடிவுசெய்யக் கூடாது.

ஒன்றிய அரசு 2020 ஏப்ரல் 24இல் தொடங்கிய 'ஸ்வமித்வா' திட்டத்தில் நாட்டின் பல மாநிலங்களில் ஊர்க் குடியிருப்புகளை ட்ரோனால் படம் எடுத்திருக்கிறார்கள். மக்கள் கைக்கு வந்து சேருவது சொத்து அட்டை. மக்கள் பணத்தில் எடுத்த படமும், மேலே சொன்ன மறைப்போடு, துண்டுகளாக வெட்டி எல்லோருக்கும் திறந்துவிடப்பட வேண்டும். தமிழ்நாட்டில் எந்தத் துறை எந்த நிலத்தை ட்ரோனில் அளந்தாலும் இதே விதி வேண்டும் என்கிறோம். இந்தியர்கள் வரைபடம் தயாரிக்க முன் அனுமதி வேண்டியதில்லை என்று 2021 பிப்ரவரி 15இல் வந்த வழிகாட்டுதல் சொல்கிறது. ட்ரோன் பறக்கவிட 2021 விதிகள் தனியே உண்டு. 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தில் நம் பகுதி பச்சை மண்டலமா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவர்கள் ட்ரோனுக்குக் காத்திருக்க வேண்டாம். அ-பதிவேட்டு நகலோடு ஊர்ப் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு வரப்பில் நடந்து, எந்தப் புல எண் எது என்று எழுதி வாருங்கள். படம் வரும்போது அதன் மேல் வைக்க அந்தப் பட்டியல் வேண்டும். அதைச் சொல்லக்கூடியவர்களுக்கு இப்போதே எழுபது எண்பது வயது.